தம்பி போய்விட்டான், அவன் அக்காவை யார் பார்ப்பது? கேஸ் ஏன் 302இல், அதாவது கொலைப் பிரிவில், நிற்கவில்லை?

தாமான்வாசி:

வணக்கம். மலேசியாவின் கெடாவில் ஒரு தோட்டப் பட்டணம் எங்களுடையது. முன்பு ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டின மட்டும் செம்பனை. தோட்ட லயத்து வரிசை வீடுகளை விட்டு வெளியே வந்தவர்கள்தான் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர். எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் அடிபட்டு இறந்து மூன்று வருடம் ஆகிறது. அடித்தது அம்மாவோடு இருந்த ஆள். பெயர் எழுத மாட்டேன்.

அவன் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே கையில் சூட்டுத் தழும்பு பார்த்தேன். "சட்டி பட்டிடுச்சி அக்கா" என்றாள் அவன் அம்மா. அடுத்த தடவை உதடு கிழிந்திருந்தது, படியில் விழுந்தானாம். மூன்றாவது தடவை காதுக்குப் பின்னால் கறுத்துப்போயிருந்தது. விழுகிற பிள்ளைக்கு நெற்றியில் அடிபடும், முட்டியில் அடிபடும், காதுக்குப் பின்னால் எப்படிப் படும்? அன்றைக்கே தாலியான் காசி (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசி 15999க்கு அடித்தேன். எடுத்தவர்கள் பொறுமையாகத்தான் கேட்டார்கள், முகவரி எழுதிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தார், வீடு பூட்டியிருந்தது, கேட்டில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டுப் போய்விட்டார். இன்னொரு நாள் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளை தூங்குகிறான் என்று சொல்லியிருக்கிறாள். சரி என்று திரும்பிவிட்டார்கள். எழுப்பிச் சட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை, இரண்டாவது தடவை ஏன் அடிக்காமல் விட்டேன் என்று என் மேலேயே கோபம் வருகிறது.

அந்த ஆள் மேல் முதலில் 302 போட்டார்கள். நடுவில் 304க்கு, கொலை என்று ஆகாத மரணக் குற்றத்துக்கு, மாற்றிவிட்டார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டான், எட்டு வருடம். அம்மா மேல் கேஸே இல்லை. பையனுக்கு ஓர் அக்கா, இப்போது ஏழு வயது. இத்தனை நாளும் பாட்டியிடம் இருந்தவளைப் போன மாதம் அம்மா வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் இப்போது வேறு ஓர் ஆள். போன வாரம் அந்தச் சின்னப் பெண் கை நீளச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள், இந்த வெயிலில்.

கொலைக் குற்றம் எட்டு வருடமாக எப்படிச் சுருங்கியது? இந்தப் பெண்ணுக்காக நான் என்ன செய்தால் இந்தத் தடவை யாராவது உள்ளே போய்ப் பார்ப்பார்கள்?

கித்தாக்காடு:

எட்டு வருடமா? தூக்கில் போட வேண்டும். கட்டாய மரண தண்டனையை எடுத்ததால் வந்த வினை இது.

வழக்குக்கட்டு:

தாமான்வாசி அக்கா, நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் கட்டுத் தூக்குகிறவன். முதலில் கித்தாக்காடு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. 4 ஜூலை 2023 முதல் 302க்குத் தூக்கு கட்டாயம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் மரண தண்டனை போகவில்லை, அது இல்லையென்றால் 30 முதல் 40 வருடம் சிறை, குறைந்தது 12 பிரம்படி. அந்த 302 நிற்காததுதான் இங்கே பிரச்சினை.

ஏன் நிற்கவில்லை? அடி விழுந்தது பூட்டிய வீட்டுக்குள். இரண்டு பெரியவர்கள், நடந்ததைச் சொல்ல முடியாத ஒரு பிள்ளை. போஸ்ட்மார்ட்டம் செய்கிற டாக்டர் எது பழைய காயம், எது புதுக் காயம், உயிரை எடுத்த அடி எது என்று சொல்வார், எந்தக் கை அடித்தது என்று அவரால் சொல்ல முடியாது. அவன் அவளைக் காட்டுவான், அவள் அவனைக் காட்டுவாள். பக்கத்து வீட்டார் அழுகைச் சத்தம் கேட்டிருப்பார்கள், அடித்ததைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதோடு கொல்லும் எண்ணமோ, உயிர் போகும் அளவுக்குக் காயம் செய்யும் எண்ணமோ இருந்ததையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லி எழுதுவார், கேஸ் தோற்றால் ஒன்றுமே கிடைக்காது என்று அரசுத் தரப்பும் சம்மதிக்கும். 304(ஏ) என்றால் 30 வருடம் வரை, 304(பி) என்றால் 10 வருடம் வரைதான், வெறும் அபராதத்தோடு விடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் கேஸ் (பி) பிரிவில் போயிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டதற்கு நீதிமன்றம் கொஞ்சம் குறைக்கும், உள்ளே நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். எட்டு வருடம் ஐந்தேகால் வருடத்துக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும். எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

ஒன்று கவனியுங்கள். 2001 குழந்தைகள் சட்டம் பிரிவு 31 குழந்தையைக் கொடுமை செய்வதற்கானது. 2016 திருத்தத்துக்கு முன்பு 10 வருடம், 20,000 ரிங்கிட் வரை. திருத்தத்துக்குப் பிறகு 20 வருடம், 50,000 ரிங்கிட் வரை. அதாவது பிள்ளை உயிரோடு இருந்து கேஸ் பிரிவு 31இல் போனால் உச்சம் 20, பிள்ளை செத்து 304(பி)யில் போனால் உச்சம் 10. இதை யாராவது நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும்.

அதே பிரிவு 31, கொடுமை செய்தவரை மட்டும் சொல்லவில்லை, செய்ய விட்டவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அம்மா மேல் கேஸ் போட வழி இருந்தது. பிரிட்டனில் இதற்கென்றே 2004இல் தனிச் சட்டம் போட்டார்கள்: யார் அடித்தது என்று தெரியாவிட்டாலும், ஆபத்து தெரிந்தும் பிள்ளையைச் சாக விட்ட, அந்த வீட்டில் இருந்த பெரியவர் எல்லோரும் குற்றவாளி. முதலில் 14 வருடம், 2022 முதல் ஆயுள் வரை. நம்மிடம் சாவுக்கென்று அப்படி ஒரு பிரிவு வந்தால் ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிக்கிற வேலை நிற்கும்.

ஓய்வு மிஸ்ஸி:

வழக்குக்கட்டுத் தம்பி சொன்னதெல்லாம் பிள்ளை போன பிறகு நடப்பது. நான் முப்பது வருடம் கிளினிக்கில் இருந்தவள், அதற்கு முன்னால் நடப்பதைப் பார்த்தவள்.

1990இல் கோலாலம்பூரில் நம் இனத்துப் பிள்ளை ஒன்று, இரண்டு வயதுதான், கொடுமைப்பட்டு இறந்தது. நாடே கொதித்தது, 1991இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு அது 2001 சட்டத்தோடு சேர்ந்தது. சந்தேகம் வந்தால் டாக்டர் உடனே சமூகநலப் பாதுகாவலருக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் 5,000 ரிங்கிட் அல்லது இரண்டு வருடம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லும் கடமை உண்டு. ஆனால் பிள்ளையை டாக்டரிடம் கொண்டுவந்தால்தானே டாக்டர் பார்ப்பார்? பதினெட்டு மாத ஊசி போட்ட பிறகு பல தாய்மார் கிளினிக் பக்கம் வருவதில்லை. அதற்கும் பாலர் பள்ளிக்கும் நடுவில் அந்தப் பிள்ளையை வெளி ஆள் யாரும் சட்டையைக் கழற்றிப் பார்ப்பதில்லை. உங்கள் பையனுக்கு மூன்று வயது.

தோட்டத்தில் இருந்தபோது ஆயாக் கொட்டகை இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வெட்டப் போகிற அம்மா பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். குளிப்பாட்டுகிற ஆயாவுக்கு உடம்பில் புதுத் தழும்பு தெரியாமல் போகாது. அந்தக் காலத்தில் அடி இல்லை என்று சொல்ல வரவில்லை, நிறைய இருந்தது, கள்ளுக்கடை இருந்த இடமெல்லாம் இருந்தது. ஆனாலும் தினமும் ஒரு கண் பார்த்தது. தாமானில் பிள்ளையை யாராவது தெரிந்தவர் வீட்டில் விடுகிறோம். நான்கு பிள்ளைக்குக் கீழே என்றால் தஸ்கா (குழந்தைக் காப்பகம்) சட்டப்படி பதிவுகூட வேண்டாம்.

மற்ற நாட்டிலும் இதே கதைதான். லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பெண் 2000இல் இறந்தாள். ஆஸ்பத்திரி பார்த்தது, போலீஸ் பார்த்தது, சமூகநலக்காரர்கள் வீட்டுக்கே போனார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய தருணம் குறைந்தது 12 இருந்தது என்று 2003 விசாரணை அறிக்கை எண்ணிச் சொன்னது. அவளைச் சித்திரவதை செய்த இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கித்தாக்காடு தம்பி, அங்கே தண்டனை குறையவே இல்லை, பிள்ளை மட்டும் இல்லை.

இப்போது அந்தப் பெண். தாமான்வாசி அம்மா, நாளைக்கே செய்யுங்கள். 15999க்கு மறுபடி அடித்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அதோடு நிறுத்தாமல் பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போய் ரிப்போர்ட் செய்யுங்கள், அதில் தம்பி இறந்த கேஸைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "பிள்ளையைத் தனியாக, நேரில் பாருங்கள்" என்று அதே வார்த்தையில் எழுதுங்கள். பள்ளியில் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள், பிள்ளை தினமும் போகிற ஒரே இடம் அதுதான். ஆபத்து என்று பட்டால் பாதுகாவலரோ போலீஸோ பிள்ளையைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் நிறுத்தலாம், தகுந்த ஆள் என்று பாட்டியிடம் ஒப்படைக்கவும் நீதிமன்றத்தால் முடியும். பாட்டியை உடனே தயார்ப்படுத்துங்கள். உங்கள் பெயர் வெளியே போகாது, சட்டம் அதைக் காக்கிறது. இரவில் சத்தம் கேட்டால் யோசிக்காமல் 999.

கித்தாக்காடு:

மிஸ்ஸி, சரி. என் கோபம் குறையவில்லை, ஆனால் நீங்கள் சொன்னது புரிகிறது. தாமான்வாசி அக்கா, பாலாய்க்குப் போகத் துணை வேண்டுமானால் சொல்லுங்கள், நானும் கெடாதான், சுங்கைப் பட்டாணி.

தாமான்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ரிப்போர்ட் செய்துவிட்டேன், தனியாகத்தான் போனேன். எழுதியவர் முதலில் "குடும்ப விஷயம்தானே" என்றார். தம்பி கேஸைச் சொன்னதும் தலையை நிமிர்த்தினார், பிறகு நான் சொன்னதை ஒரு வரி விடாமல் டைப் செய்தார். 15999 புகார் எண்ணும் வாங்கிவிட்டேன். பாட்டிக்குப் போன் செய்தேன், அழுதார், பஸ் ஏறி வருகிறேன் என்றார். பள்ளி டீச்சர், அந்தப் பெண் நான்கு நாளாக வரவில்லை என்கிறார். அதையும் சேர்த்துச் சொல்ல இப்போது மறுபடி பாலாய்க்குக் கிளம்புகிறேன். கித்தாக்காடு தம்பி, முடிந்தால் வாருங்கள்.