மலையடி ஊரின் தண்ணீர்: மணல் வடிகட்டி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருகோணமலையில் கன்னியாவுக்கு அங்கால் குன்றடியில் நாற்பது குடும்பங்கள் இருக்கிறோம். ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, மணல் வடிகட்டியில் விட்டு, தாங்கியில் சேர்த்துக் குடிக்கிறோம். பராமரிப்பது எங்கள் சங்கம்தான்.

மாரி தொடங்கியதில் இருந்து தண்ணீர் கலங்கல். போன மாதம் பொடியன்கள் வடிகட்டி மணல் முழுவதையும் அள்ளிக் கழுவிப் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மெதுவான மணல் வடிகட்டியில் மேலே படியும் உயிர்ப்படலம்தான், அதாவது நுண்ணுயிர்கள் வளர்ந்த மெல்லிய படைதான், கிருமியைப் பிடிக்கும். அடைத்தால் மேல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரை மட்டும் சுரண்ட வேண்டுமாம். அந்தப் படலம் திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும் என்று பிறகுதான் வாசித்தேன். கைக்குழந்தை உள்ள வீடுகளை நினைத்தால் நித்திரை வருவதில்லை. இப்போதைக்கு எல்லோரும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

கிருமி கொல்ல ரி.சி.எல் என்ற குளோரின் தூளும் போடுகிறோம், கைக்கணக்கில். அரை மணி நேரம் கழித்து லீற்றருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். அளக்க ஒன்றும் இல்லை.

திருகோணமலையில் குளோரின் அளக்கும் பெட்டி எங்கே வாங்கலாம்? கலங்கலைக் குறைக்கச் சரளைக்கல் முன்வடிகட்டி கட்டிய அனுபவம் யாருக்காவது உண்டா? மலையகத்தில் இப்படித் திட்டம் நடத்துகிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள். ஒருநாள் வந்து பார்க்க முடிந்தால் பயணச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.