நிவாரணக் குழுவில் பெண்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி:
இரண்டு வெள்ளங்களில் முகாம் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் தன்னார்வலர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் பேசுவது ஆண்கள், அந்த நேரத்தில் நாங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்போம். போன முறை கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். ஒரு தாழ்ப்பாள் வர மூன்று நாள்! அடுத்த மழைக்கு முன் குழுவை மாற்றி அமைக்கிறார்கள். நான் என்ன கேட்கட்டும்?

பதில் 1:
வங்கதேசத்தில் நடந்ததை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். 1991 புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகம். எச்சரிக்கை பெரும்பாலும் வெளியே இருந்த ஆண்களோடு நின்றுவிட்டது. வீட்டிலிருந்த பெண்கள் கணவர் வரட்டும் என்று குழந்தைகளோடு காத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஆண்களோடு நெருக்கியடித்து இருக்கக் கூசி, புகலிடத்துக்கே போகாதவர்களும் உண்டு. இன்று அங்கே புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் 76,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். பெண் வந்து கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவள் தயங்காமல் பேசுவாள், கிளம்புவாள்.

பதில் 2:
மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸில் லா மாசிகா என்ற ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998 மிட்ச் புயலுக்குச் சில மாதம் முன்பு அங்கே பெண்களுக்கும் பேரிடர் எச்சரிக்கைப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எச்சரிக்கைக்கான கண்காணிப்பை ஆண்கள் விட்டுவிட, பெண்கள் எடுத்து நடத்தினார்கள். அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை.

பதில் 3:
அக்கா, குழுவில் நாற்காலி மட்டும் கேட்காதீர்கள். கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்டோர் ரூம் சாவியையும் குடும்பப் பதிவேட்டையும் கேளுங்கள். என்ன வாங்குவது, யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
பதிவேடு என்றதும் ஒரு அம்மா ஞாபகம் வந்துவிட்டார். கணவர் இல்லை, தம்பி வீட்டில் இருப்பவர். பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதச் சொன்னார்கள், நானும் அப்படியே எழுதினேன். அந்த வீட்டுக்கு ஒரே போர்வை. அவர் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். சாவியும் பதிவேடும் கேட்கிறேன், கூடவே தலைவர் பெயருக்குப் பக்கத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரி.