ஜோஷ் கிப்சன் கல்லறைக்கு யாராவது போயிருக்கிறீர்களா?

பிட்ஸ்பர்க் வாசி:
போன மாதம் அலெகேனி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நீக்ரோ லீக்கில், அதாவது கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த பேஸ்பால் லீக்கில், ஆடிய கிப்சன் யாரென்று இங்கே சொல்லத் தேவையில்லை. கல்லைத் தேடவே முக்கால் மணி நேரம். தரையோடு தரையாகப் பதித்த சின்னக் கல், மேலே சருகு. கையால் ஒதுக்கினால் பெயர், 1911–1947. பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பந்து, மழையில் ஊறித் தையல் பிரிந்து கிடந்தது. அந்தக் கல்லே 1975இல்தான் வந்தது. அதுவரை 28 வருஷம் ஓர் அடையாளமும் கிடையாது. இவர் 1947 ஜனவரி 20 அன்று கண்ணை மூடினார். ஏப்ரல் 15 அன்று, வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த மேஜர் லீக்கில், கறுப்பரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக இறங்கினார். முழுசாக மூன்று மாதம்கூட இல்லை. அங்கே ஆட முடியாத ஏக்கம்தான் கொன்றது என்பேன்.

ஒஹாயோ அப்பா:
அண்ணா, ஏக்கம் என்று முடித்துவிடாதீர்கள். 1943லேயே மூளையில் கட்டி என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு அவர் ஒப்பவில்லை. அந்த வருஷம்தான் .466 பேட்டிங் சராசரி, அடிக்கப் போன பத்துத் தடவையில் நாலரைக்கு மேல் வெற்றி! ஏக்கம் என்றால் குறை அவர் மனசில் என்று ஆகிவிடும். கதவைச் சாத்தியது அணி முதலாளிகள். கறுப்பரைச் சேர்க்கக் கூடாது என்பது எழுதாத விதி என்பதால் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை.

என் அனுபவம் சின்னது. 2024 மே மாதம் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் பட்டியலில் சேர்த்த அன்று மகன் போனைக் காட்டினான். எல்லாக் காலத்துக்குமான பேட்டிங் சராசரிப் பட்டியல்: டை காப், .367, இரண்டாம் இடம். மேலே கிப்சன், .372. "அப்பா, இவர் நேத்து ஏன் இதுல இல்ல?" பத்து வயசு. இன்னும் பதில் சொல்லி முடித்தபாடில்லை.

கான்சாஸ் சிட்டி அக்கா:
தம்பி, பையனை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். நீக்ரோ லீக் அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை. அந்தப் பக்கம் மைதானம், வெண்கலச் சிலைகள், கேட்சர் இடத்தில் கிப்சன். கிட்டே போக வழி தேடினேன், இல்லை. என் கதை அவ்வளவுதான்.

முழு வரலாற்றையும் சுற்றி வந்தால்தான் கடைசியில் மைதானத்தில் கால் வைக்க முடியும். ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பையன் ஓடப் பார்ப்பான், விடாதீர்கள். ஹோட்டல்காரர்கள் இடம் தராமல் ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலேயே சாப்பிட்டுத் தூங்கியதைச் சொல்லுங்கள். நீக்ரோ லீக் ஆட்டக்காரர் பக் ஓ'நீல் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்: 2006இல் 17 பேரைப் பேஸ்பால் புகழ் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள், இவரை விட்டுவிட்டார்கள். அப்படியும் அந்த மன்றம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் போய் அந்த 17 பேருக்காக மேடையில் பேசினார். அந்த அக்டோபரில் காலமாகிவிட்டார். இவருக்கு இடம் கிடைத்தது 2022இல். பிறகு பஸேயோ ஒய்எம்சிஏ கட்டடத்துக்கு நடந்தே போங்கள். 1920இல் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ லீக்கைத் தொடங்கிய இடம். ஸ்கூல் லீவில் வராதீர்கள், கூட்டம்.

பிட்ஸ்பர்க் வாசி:
கட்டி இருந்தது எனக்கும் தெரியும் தம்பி. இருந்தாலும் புரூக்ளின் அணி ராபின்சனைத் தேர்ந்தெடுத்த சேதி 1945இல் காதில் விழுந்தபோது கிப்சனுக்கு எப்படி இருந்திருக்கும்? நேற்று மறுபடி போய்ப் புதுப் பந்து ஒன்று வைத்தேன். பழையதை எடுக்க மனசு வரவில்லை.