வேப்பமரத்துல பால் வடியுதுங்கறத குரூப்ல கேள்வி கேட்டா கேஸ் ஆகுமாங்க?

அம்மாப்பேட்டைக்காரன்:
சேலம் தாங்க நான். எங்க தெரு முக்குல ஒரு வேப்பமரம், ஆடி ரெண்டாவது வெள்ளி அதுல வெள்ளையா நுரை தள்ளி வடிய ஆரம்பிச்சுது. மூணே நாள்ல மஞ்சத்துணி கட்டி சூலம் நட்டு குழாய் செட்டு போட்டு உண்டியலும் வெச்சாச்சு. சனங்க சொம்புல பிடிச்சு சக்கரை வியாதிக்கு மருந்துன்னு குடிக்கறாங்க, எங்க அத்தை இன்சுலின் ஊசிய நிறுத்திட்டு இதயே காலைல ஒரு டம்ளர் அடிக்கறாங்க. எனக்கு ஆத்திரம் வந்து தெரு வாட்ஸப் குரூப்ல "இது மரத்துக்கு வந்த நோவு, அம்மன் வேலை இல்ல, உண்டியல் கணக்கு யாருகிட்ட இருக்கு?"ன்னு ரெண்டே வரி போட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் போன் பண்ணி மத உணர்வ புண்படுத்திட்ட, ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன், மூணு வருசம் உள்ள போவேங்கறாரு. நெசமாவே போவேனா? மெசேஜ அழிச்சுடறதா வேண்டாமா? வீட்டுல சோறு எறங்கல.

குமாஸ்தா:
மெசேஜ அழிக்காதீங்க. நீங்க என்ன எழுதுனீங்கங்கறதுக்கு அது தான் உங்க சாட்சி. அழிச்சீங்கன்னா அவர் சொல்றது தான் கதை.

நான் வக்கீல் இல்ல, வக்கீல்கிட்ட பதினோரு வருசமா குமாஸ்தா. அவர் சொல்றது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 295ஏ பிரிவு, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்ங்கற புது சட்டத்துல 299. மூணு வருசம் வரைக்கும் தண்டனைங்கறது சரி, ஜாமீன்ல விடமுடியாத பிரிவுங்கறதும் சரி. ஆனா எவனோ ஒருத்தன் மனசு புண்பட்டா போதும்னு அதுல இல்லீங்க. வேணும்னே, கெட்ட எண்ணத்தோட, ஒரு மதத்தையோ அதோட நம்பிக்கையையோ அவமதிச்சிருக்கணும், ரெண்டும் சேந்து இருக்கணும். 1957லயே சுப்ரீம் கோர்ட் ராம்ஜி லால் மோடி கேஸ்ல இந்த பிரிவு செல்லும்னு சொன்னதே இந்த காரணத்த வெச்சு தான், தெரியாமயோ கவனக்குறைவாவோ பேசுனது இதுல வராதுன்னு. நம்ம தோனிய விஷ்ணு மாதிரி அட்டைப்படத்துல போட்டதுக்கு அவர் மேலயே கேஸ் போட்டாங்களே, 2017ல அதையும் இதே காரணத்துல தான் தள்ளுனாங்க. இன்னொன்னு, அரசாங்கம் அனுமதி குடுக்காம கோர்ட் இந்த கேஸ விசாரணைக்கே எடுக்க முடியாது. ஏழு வருசத்துக்குள்ள தண்டனை உள்ள கேஸ்ல சும்மா புடிச்சுட்டு போகவும் கூடாது, மொதல்ல நோட்டீஸ் குடுத்து கூப்பிடணும்.

உண்டியல் கணக்கு கேக்கறது எந்த சாமிக்கும் அவமரியாதை இல்ல.

செவ்வாப்பேட்டை அக்கா:
நான் கோட்டை மாரியம்மனுக்கு வருசம் தவறாம பொங்கல் வெக்கறவ, அதனால என்னைய நாத்திகம்னு யாரும் கௌம்பாதீங்க. தம்பி, உங்க மொத வரிய நானும் வேற மாதிரி எழுதியிருப்பேன், ஊரே கைகூப்பி நிக்கற எடத்துல நோவுங்கற வார்த்தை சுருக்குன்னு தான் இருக்கும். ஆனா அந்தாளுக்கு புண்பட்டது உங்க ரெண்டாவது வரில. அத விட்டுட்டு பக்திய தூக்கிட்டு வர்றாரு.

எங்க பாட்டி ஊர்லயும் இப்படி வடிஞ்சுது. பட்டைக்குள்ள சாறு தேங்கி கிருமி சேந்து புளிச்சு நுரைச்சுட்டு வரும், கிட்ட போய் மோந்து பாருங்க கள்ளு வாசனை அடிக்கும், நாக்குல வெச்சா இனிக்கும். இனிக்கறத சக்கரை வியாதிக்கு மருந்துங்கறாங்க பாருங்க! 95 செப்டம்பர்ல பிள்ளையார் பால் குடிக்கறாருன்னு நானும் ஸ்பூனோட வரிசைல நின்னவ தான். அதுல யாரு ஒடம்புக்கும் கெடுதல் இல்ல, போனது ஒரு லிட்டர் பாலு. இது அப்படி இல்ல. கேஸ் கீஸ் எல்லாம் கெடக்கட்டும், மொதல்ல அத்தைய கூட்டிட்டு போய் சக்கரை பாருங்க.

குகை பெருசு:
கேள்வி கேட்டதுக்கே கேஸுன்னா எங்க காலத்துல பாதி சேலமும் ஜெயில்ல இருந்திருக்கணும். 71 ஜனவரில இங்க தான் பெரியாரோட மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்துச்சு. ஊர்வலத்துல ராமர் படத்துக்கு செருப்படின்னு பேச்சு, மொதல்ல செருப்பு வந்தது எந்தப் பக்கம் இருந்துன்னு இன்னிக்கு வரைக்கும் டீக்கடைல சண்டை தீரல. எனக்கு அப்ப பதினாலு வயசு, எங்கப்பா கடை பலகைய எறக்கி உள்ள என்னைய வெச்சு பூட்டிட்டாரு, பலகை சந்துல தெரிஞ்சது கருப்புச் சட்டையும் காலும் தான், அதனால நானும் சாட்சி இல்ல. மார்ச்ல தேர்தல், திமுகவுக்கு எதிரா அதையே போஸ்டர் போட்டு ஒட்டுனாங்க, ஆனாலும் திமுக 184 சீட்டு ஜெயிச்சுது.

அதுக்காக சட்டம் நம்ம பக்கம்னும் நெனைச்சுக்காதீங்க. 53ல பெரியார் திருச்சில பிள்ளையார் பொம்மைய ஒடைச்ச கேஸ கீழ்க்கோர்ட்டெல்லாம் தள்ளுபடி பண்ணுச்சு, 58ல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு தான் சொல்லுச்சு, வருசம் ஆயிடுச்சேன்னு அதோட விட்டுச்சு. பொம்மை வேற வாய்ப்பேச்சு வேறங்கறத குமாஸ்தா தம்பி தான் சொல்லணும்.

இருபதாவது வளைவு:
ஏற்காட்டுல இருந்து. குமாஸ்தா அண்ணன் சொன்னதெல்லாம் கடைசில ஜெயிக்கறதுக்கு, நடுவுல நாலு வருசம் வாய்தாவுக்கு யாரு லீவு போடறது? போன வருசம் எங்க பக்கத்துல ராத்திரி பன்னெண்டரைக்கும் குழாய் செட்டு ஓடுச்சு, வீட்டுல கைக்குழந்தை, ரெண்டு தடவ போன் பண்ணேன். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் போடக்கூடாதுன்னு 2000லயே விதி இருக்கு, விசேஷத்துக்கு தளர்த்துனா கூட பன்னெண்டு தான், அதுவும் வருசத்துக்கு பதினஞ்சு நாளுக்கு மேல போகக்கூடாது. ஒருத்தரும் வரல. அதே ஊர்ல ஒரு பையன் சர்ச் ஜெபக்கூட்டத்துல நொண்டி நடந்தத கிண்டல் பண்ணி ஸ்டேட்டஸ் போட்டான், ஒரு மணி நேரத்துல பைக் வந்துருச்சு. எந்த சாமியா இருந்தாலும் காது வலிக்கு புகார் எடுபடாது, மனசு வலிக்கு தான் எடுபடும்.

ஒரு நல்ல சேதி, 2025 மார்ச்ல ஒரு கவிதை கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பேச்சு சம்பந்தமான இந்த மாதிரி புகார்ல எஃப்ஐஆர் போடறதுக்கு முன்னாடி டிஎஸ்பி அனுமதியோட பதினாலு நாளுக்குள்ள விசாரிச்சு பாக்கறது தான் முறைன்னு. தொட்டதுக்கெல்லாம் பதறுறவன் மனசு அளவுகோல் இல்ல, தைரியசாலி மனசு தான் அளவுகோலுன்னும் சொன்னாங்க. அந்த தீர்ப்ப பிரிண்ட் எடுத்து பாக்கெட்டுல வெச்சுக்கங்க.

குமாஸ்தா:
பெருசு ஐயா, ஆமாங்க, அது 295ஏ இல்ல, வெறும் 295, கும்புடற பொருள ஒடைக்கறது, கெடுக்கறது. தம்பி கேஸ் அது இல்ல, அவர் எதையும் தொடல. வளைவு சொன்ன வாய்தா வேதனைய நான் மறுக்கல, தெனம் கோர்ட் வராந்தால அத தான் பாக்கறேன். கூப்பிட்டாங்கன்னா தனியா போகாதீங்க தம்பி, வெள்ளைத்தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க.

அம்மாப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்னத தான் மொதல்ல செஞ்சேன், அத்தைக்கு சக்கரை 380. இன்னும் மரத்து மேல தான் நம்பிக்கை, ஆனா எனக்காக ஊசிய மறுபடி போட்டுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நோவுங்கற வார்த்தைக்கு மட்டும் குரூப்ல வருத்தம் தெரிவிச்சேன், கணக்கு கேட்டத வாபஸ் வாங்கல. அஞ்சு நாளாச்சு, ஸ்டேஷன்ல இருந்து போன் வரல. மரம் காஞ்சு போச்சு, சொட்டு கூட வடியல. உண்டியலுக்கு மட்டும் இப்ப ரெண்டு பூட்டு.