அம்மாவுக்கு எலும்பு ஊசி, முதல்ல எதை போடுறது?

தேன்மொழி_68:
அம்மாவுக்கு 68 வயசு, ரெண்டு மாசம் முன்னாடி தண்ணிக் குடம் தூக்கும்போது முதுகுல சுளீர்னு ஒரு வலி, சுளுக்குன்னு தைலம் தேச்சே மூணு வாரம் ஓட்டிட்டோம். எக்ஸ்ரேல ஒரு முதுகெலும்பு அமுங்கியிருக்கு, எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன்ல டி ஸ்கோர் மைனஸ் 3.4, எலும்பு ரொம்பவே மெலிஞ்சிருக்குன்னு அர்த்தமாம். ஒரு வருஷமாவே அவங்க புடவை கொசுவம் தரையில புரண்டுச்சு, தூக்கி சொருகும்மான்னு நான்தான் திட்டிட்டே இருந்தேன். ஆளு குட்டையாகிட்டே வந்திருக்காங்கன்னு இப்பதான் புரியுது, மனசே ஆறல. ஒரு டாக்டர் தினமும் டெரிபாராடைட் ஊசிங்கிறார், இன்னொருத்தர் ஆறு மாசத்துக்கு ஒருதரம் டெனோசுமாப் போதும்ங்கிறார். கால்சியம் மாத்திரை மட்டும் பத்தாதா?

கொத்தனார்_மகன்:
பத்தாதுங்க. கால்சியமும் வைட்டமின் டியும் செங்கல் மணல் மாதிரி, கட்டுற ஆள் வரலைன்னா அப்படியே கெடக்கும். எலும்பை அரிக்கிற செல்லும் கட்டுற செல்லும் எப்பவும் வேலை பாத்துட்டே இருக்கும், டெனோசுமாப் அரிக்கிறத நிறுத்தும், டெரிபாராடைட் கட்டுறத முடுக்கிவிடும். ஏற்கெனவே முதுகெலும்பு உடைஞ்சவங்களுக்கு முதல்ல கட்டுற ஊசி, அப்புறம் அதைக் காப்பாத்துற மருந்து, இந்த வரிசைதான் நல்லது. 2018ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல ரெண்டு வருஷத்துல, அரிப்பைக் குறைக்கிற ரைசட்ரோனேட் மாத்திரை எடுத்தவங்கள்ல 12 சதவீதம் பேருக்கு புதுசா முதுகெலும்பு உடைஞ்சுது, டெரிபாராடைட் போட்டவங்கள்ல 5.4 தான். ரோமோசோசுமாப்னு 2019ல வந்தது ஒண்ணு இருக்கு, மாசம் ஒருதரம் ஒரு வருஷம், கட்டவும் செய்யும் அரிப்பையும் குறைக்கும். தென்னாப்பிரிக்காவுல சில குடும்பங்கள்ல ஸ்க்ளெரோஸ்டின்ங்கிற புரதம் இல்லாததால எலும்பு ரொம்ப கெட்டியா வளர்றத பாத்து, அந்தப் புரதத்தை அடக்கற மாதிரி செஞ்ச மருந்து. ஆனா கடந்த ஒரு வருஷத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்திருந்தா போடக்கூடாது.

மாமியார்_வீடு:
டெனோசுமாப் ஆரம்பிச்சா தேதி தவறவே கூடாதுங்க, தயவுசெஞ்சு காலண்டர்ல எழுதி வைங்க. என் மாமியாருக்கு நாலு ஊசி நல்லா போச்சு, அப்புறம் மக வீட்டுக்குப் போய் தங்கினதுல பத்து மாசம் ஆயிடுச்சு, நிறுத்தினா என்ன ஆகும்னு எங்ககிட்ட யாரும் சொல்லல. ஒருநாள் தும்மினாங்க, அவ்ளோதான், மூணு முதுகெலும்பு ஒண்ணா அமுங்கிடுச்சு. நிறுத்துறதா இருந்தா பின்னாடியே ஜோலெட்ரோனிக் ஆசிட் மாதிரி அரிப்பைத் தடுக்கிற வேற மருந்து கொடுத்தாகணுமாம். டெனோசுமாப் போட்டுட்டு அப்புறம் டெரிபாராடைட்டுக்கு மாறினாலும் இடுப்பெலும்பு கொஞ்சநாள் தேயும், அதனால வரிசையை மாத்தாதீங்க.

நர்ஸக்கா:
டெரிபாராடைட் பேனாவை ஃபிரிட்ஜ்லயே வைங்க, ஃபிரீசர்ல வேணாம், தொறந்து 28 நாளாச்சுன்னா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. முதல் சில நாள் தலை சுத்தும், அம்மாவ உக்கார வச்சே போடுங்க. முன்னாடி கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்திருந்தாலோ ரத்தத்துல கால்சியம் கூட இருந்தாலோ டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடணும். டெனோசுமாப்போ ஜோலெட்ரோனிக்கோ போடுறதுக்கு முன்னாடி ஆட்டம் காணுற பல்லெல்லாம் பாத்து முடிச்சிடுங்க.

தேன்மொழி_68:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரேடியேஷன் எதுவும் இல்ல, ரத்தத்துல கால்சியம் 9.2, அது சரியான அளவுதான், டாக்டர்கிட்ட காட்டிட்டு டெரிபாராடைட்டே ஆரம்பிக்கிறோம். நேத்து அம்மாவ சுவத்தோட ஒட்டி நிக்க வச்சு பென்சில்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதிட்டேன். இனி மாசாமாசம் பாக்கப் போறேன்.