இறுகிப்போன சிங்கரும் கூம்புமுனைத் திருகாணிகளும்

கொக்குவிலில் இருக்கும் என் சின்னம்மாவின் சிங்கர் 15கே தையல் இயந்திரம், மிதியை அழுத்தினால் அரைச் சுற்று மட்டும் முனகிக்கொண்டு போய் நின்றுவிடும் நிலையில்தான் என்னிடம் வந்தது. முன்னரே சற்று இறுக்கமாக ஓடிக்கொண்டிருந்த அதை ஒருவர் கழுவி, எல்லா ஆணிகளையும் முறுக்கிக் கொடுத்த பின்னர் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டதாம். மாதிரி எண்ணின் ஈற்றிலுள்ள 'கே', ஸ்கொட்லாந்தின் கில்போவி ஆலையைக் குறிப்பது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. அங்கு வார்த்த இரும்போ இலகுவில் தேய்வதில்லை. ஆகவே பழுது உலோகத்தில் இராது என்ற எண்ணத்துடனேயே வேலையைத் தொடங்கினேன்.

இறுக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. தோற்பட்டியை எடுத்துவிட்டு மிதியை மட்டும் ஆட்டியபோது அது தடையின்றி ஓடியது. கைச்சில்லின் நடுவிலுள்ள பெரிய திருகைத் தளர்த்தியதும் சில்லும் தனியே இலகுவாகச் சுழன்றது. ஆகவே இறுக்கம் இயந்திரத்தின் தலைக்குள்தான் இருந்தது. கீழ்நூல் சுற்றிய பொபின் இருக்கும் கூட்டையும், மேல்நூலைக் கொளுவி அதைச் சுற்றிக் கொண்டுபோகும் சட்டிலையும் கழற்றிப் பார்த்தால், சட்டில் ஓடும் வளையத்தின் விளிம்பில் ஒரு கறுப்பு நூல் துண்டு நசுங்கிப் படிந்திருந்தது. ஊசிமுனையால் அதைக் கிளறி எடுத்ததும் கொஞ்சம் இளகியது, ஆனால் போதவில்லை.

அடுத்தது எண்ணெய்ப் பிசின். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மெசின் ஒயிலுக்கு எங்கே போவது? பல வீடுகளில் நல்லெண்ணெயைத்தான் விட்டார்கள், வேறு வழியும் இருக்கவில்லை. அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து வார்னிஷ் போல உறைந்துவிடும். ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, சில்லைக் கையால் சுற்றி, இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் மண்ணிறக் கசடு வழிந்தது. (இயந்திரத்தின் மேலுள்ள பொன்னிறப் பூவேலையில் மண்ணெண்ணெய் படவிடாதீர்கள், அது மங்கிவிடும்.)

உண்மையான குற்றவாளி அடிப்பக்கத்தில் இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்தால், துணியை நகர்த்தும் பற்களை இயக்குகின்ற இரண்டு தண்டுகள் தெரியும். அவை கூம்புமுனைத் திருகாணிகளுக்கு இடையில் தொங்குவன. அந்த ஆணிகளை ஒரு மயிரிழை கூடுதலாக முறுக்கினாலே இயந்திரம் முழுவதும் இறுகிவிடும். ஆணி நகராமல் பிடித்திருக்கும் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஆணியைச் சற்றே பின்வாங்கியதும், அதுவரை முழங்கை வலுவைக் கேட்ட சில்லு ஒற்றை விரலுக்கு அசைந்தது. அளவுக்கு மீறித் தளர்த்தினால் தண்டு கடகடக்கும், தையலின் நீளமும் ஒரேயளவாக வராது. எனவே தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையாமலும், சுழற்றினால் தடுக்காமலும் இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பூட்டு நட்டை மீண்டும் இறுக்கும்போது ஆணியும் கூடவே சுற்றும் என்பதால், அதை ஸ்குறூட்ரைவரால் அசையவிடாமல் பிடித்துக்கொள்வது அவசியம்.

வால்வு அரைக்கும் பசையை, அதாவது உலோகத்தைத் தேய்க்கும் துகள் கலந்த பசையைப் பூசி ஓட்டினால் வழவழப்பாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் உடன்படவில்லை. அது பிசினோடு இரும்பையும் தின்னும். தின்ற இரும்பு திரும்பி வராது. சட்டில் முனையில் நகத்திற்குத் தட்டுப்பட்ட சிறு பிசிறை மட்டும், தேய்ந்த மென் எமறித் தாளால் மெல்லத் தடவி எடுத்தேன்.

மண்ணெண்ணெய் எண்ணெய்க்குப் பதிலாகாது. அதை வடியவிட்டுத் துடைத்த கையோடு எல்லாத் துளைகளிலும் மெசின் ஒயில் விட்டு, எண்ணெய்க் கறை படிவது நிற்கும்வரை பழந்துணியில் தைத்துப் பார்த்த பின்னரே நல்ல துணியை வைக்க வேண்டும்.