கிளென்டர்கன் தோட்டத்துக்குப் போனவர்கள் உண்டா?

நண்பர்களே, ஒரு உதவி. இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் கப்பல் முகவர் தொழில் செய்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வணிகர் ஆல்ஃபிரட் ஃபாக்ஸ் (1794–1874) பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹெல்ஃபர்ட் ஆற்றை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில் அவர் போட்டதுதான் கிளென்டர்கன் தோட்டம். வீட்டில் 12 பிள்ளைகள், சும்மா இருப்பார்களா! 1833இல் லாரல் செடிகளை நட்டு ஒரு புதிர்ப்பாதை அமைத்தார். அது சரிவில் இருப்பதால், உள்ளே வழி தெரியாமல் திணறுபவர்களை எதிர்மேட்டிலிருந்து பார்க்கலாம். அந்தக் கோணத்தில் யாராவது படம் எடுத்திருந்தால் தருவீர்களா?

அப்புறம், கம்பத்தின் உச்சியில் தொங்கும் கயிறுகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் விளையாட்டு ஒன்றும் அங்கே உண்டு. 'ஜயன்ட்ஸ் ஸ்ட்ரைட்' என்பார்கள். தமிழில் என்ன சொல்லலாம்? 'ராட்சத நடை' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.